இறுக்கமும் தளர்வும்: ஆவடி முதல் மீரியபெத்த வரை

பதுளைப் பக்கத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டவர்களுக்கு, கூரையை ஒட்டிச் சுழலும் நீண்ட இரும்புத் தண்டும் அதிலிருந்து இயந்திரங்களுக்கு இறங்கும் பெல்ட்டுகளும் நினைவிருக்கும். பெல்ட் தளர்ந்தால் வழுக்கிக் கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுகினால் தாங்கிப் பிடிக்கும் பாகங்கள் சூடேறித் தேயும். யுத்த தாங்கியின் சங்கிலிப் பட்டைக்கும் இதே சிக்கல்தான். ஆனால் தொழிற்சாலைச் சக்கரங்கள் இடம்பெயர்வதில்லை. தாங்கியின் சக்கரங்களோ மேடு பள்ளத்துக்கேற்ப ஏறி இறங்குகின்றன. அப்போதெல்லாம் பட்டையின் இறுக்கமும் மாறுகிறது.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் இறங்கிய பிரித்தானியாவின் முதல் தாங்கிகளில் அதிர்வு தாங்கும் வில் எதுவும் இல்லை. 28 தொன் எடையுடன் அவை மனிதன் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தன. வேகம் கூடக்கூட அக்குறை பொறுக்க முடியாததாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், சக்கரம் உயரும்போது முறுகி மீளும் உருக்குத் தண்டு பெருவழக்காயிற்று. 1991 இல் இலங்கை இராணுவம் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து வாங்கிய டி-55 அவ்வகையே. அதன் பட்டையை இறுக்க, வீரர்கள் வெளியே இறங்கி, கருவி கொண்டு முன்சக்கரத்தை நகர்த்த வேண்டும்.

தமிழ்நாட்டின் ஆவடியில் 1965 இல் உருவாகத் தொடங்கிய விஜயந்தாவும் முறுக்குத் தண்டையே நம்பியது. 1974 இல் ஒப்புதல் பெற்ற அர்ஜுன் வேறு வழியில் சென்றது. அதில் அடைக்கப்பட்ட நைதரசன் வாயு வில்லாகவும், எண்ணெய் அதிர்வைத் தணிப்பதாகவும் செயற்படுகின்றன. வாயு அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பு மிகுவதால், சிறு மேட்டில் மென்மையாகவும் பெரு மேட்டில் கடினமாகவும் அது ஈடுகொடுக்கிறது. 2014 இல் சேவைக்கு வந்த தென்கொரியாவின் கே-2 இன்னும் ஒரு படி மேலே சென்று, ஓட்டத்தின் போதே பட்டையின் இறுக்கத்தைத் தானாகச் சரிசெய்துகொள்கிறது.

எனினும், ஊவாத் தோட்ட மக்களின் நினைவில் சங்கிலிப் பட்டையின் ஓசை வேறொரு துயரத்தோடு பிணைந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தவில் மலை சரிந்து லயன்களை மூடியது. இராணுவத்தினர் பெக்கோ இயந்திரங்களுடன் வந்து தோண்டினர். மழையும் சேறும் தேடுதலைத் திரும்பத் திரும்பத் தடுத்தன. உறவினர்கள் ஓரமாக நின்று காத்திருந்தனர்.

ஆபத்தான இடமென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவு அது. சேற்றில் ஓடும் பட்டையை இறுக்குவதற்கு உலகம் ஒரு நூற்றாண்டாக மூளையைச் செலவிட்டிருக்கிறது. சரிவிலிருந்த லயன்களை உரிய காலத்தில் அகற்றுவதற்கு அத்தகைய பொறியியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. பாதுகாப்பான ஒரு துண்டுக் காணியும், அதைக் கொடுக்கும் மனமுமே போதுமாயிருந்தன.