ஜிலேபி வந்த வழி

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். டால்டார்ஃப் என்ற படை அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைத் தம் கையாலேயே பிடித்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னியன் சங்கம் அதை அச்சிட்டது. மீன் மரமேறுமா என்று ஐரோப்பியர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். இங்கே அந்த மீனுக்குப் பெயரே பனையேறிக் கெண்டை.

மரமேறியதோ இல்லையோ, தண்ணீருக்கு வெளியே தாக்குப்பிடிக்கும் என்பது உண்மை. பனையேறி, விரால், குரவை, தேளி எல்லாம் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கக் கூடியவை. கோடையில் வாய்க்கால் வற்றி, குட்டை சேறாகிப்போனாலும் இவை சாவதில்லை. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின், ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது காவிரி டெல்டாவின் நாட்காட்டியானது. அந்த இடைக்காலத்தில் கலங்கல் குட்டையில் இறங்கி ஊத்தா என்னும் மீன்கூடை போட்டவர்களுக்குக் கிடைத்தவை இந்த மீன்கள்தான்.

இவற்றுக்கிடையே வந்து சேர்ந்தது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் திலேப்பியா. நம் சந்தையில் ஜிலேபிக் கெண்டை. 1930-களில் ஜாவாவில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் தென்பட்டு, ஆசியா முழுக்கப் பரவியது. 1952-இல் மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பாங்காக்கிலிருந்து அதை வரவழைத்தது. ஏழைக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

ஆனால் அதன் பெருக்கத்துக்கு எல்லையே இல்லை. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும். பிறந்த இரண்டு மூன்று மாதத்தில் குஞ்சும் இனப்பெருக்கத்துக்குத் தயார். கூட்டம் பெருகப் பெருக இரை போதாமல் எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். வலை கனக்கும், விலை தேறாது. ராஜஸ்தானின் ஜெய்சமந்த் ஏரியில் இது பெருகியபின் கெண்டைகளின் சராசரி எடையே குறைந்தது. உறைபனி விழும் நாட்டில் குளிரே இதைக் கொன்றுவிடும். தஞ்சையில் அந்தக் காவல் கிடையாது.

1959-இலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பத் தடை விதித்தது. அதற்குள் தமிழக நீர்த்தேக்கங்களில் விட்டாகிவிட்டது. அவற்றுள் ஒன்றான அமராவதி அணையின் உபரிநீர் கரூர் அருகே காவிரியில்தான் கலக்கிறது; ஜிலேபிக்கு அது டெல்டாவுக்கு ஒரு வழி. வற்றும் வயலிலும் வாய்க்காலிலும் நாட்டு மீனுக்கு இன்னும் பிடிமானம் உண்டு. வற்றாத கோயில் குளத்திலும் ஊர்க் குளத்திலும் ஜிலேபியின் ஆட்சி. விராலுக்காகப் போடும் தூண்டிலில் மண்புழுவை முதலில் கவ்வுவது அதுதான்.

குளத்தைக் குத்தகைக்கு எடுப்பவர், கட்லா, ரோகு குஞ்சு விடுமுன் ஜிலேபியை ஒழித்தாக வேண்டும். முடிந்தால் நீரை முழுக்க இறைத்துக் காயவிடுவார். முடியாவிட்டால் ஏக்கருக்கு ஒரு டன் கணக்கில் இலுப்பைப் பிண்ணாக்கு போடுவார். அதிலுள்ள சப்போனின் மீனின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஜிலேபியோடு அந்தக் குளத்து அயிரையும் நாட்டுக் கெண்டைக் குஞ்சும் சேர்ந்தே மிதக்கின்றன. பிறகு அதில் விடப்படும் கட்லாவும் ரோகுவும் கங்கைச் சமவெளியின் மீன்கள். அயிரையைத் திரும்பக் கொண்டுவந்து விட யாரும் முனைவதில்லை.