மேலே பார்க்கும் ஆன்டெனா, கீழே பார்க்கும் ஆன்டெனா

அமெரிக்காவில் வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையின் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகைக் கிட்டுகளிலிருந்து உருவாகிப் பறந்தவை மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல். ஆலையில் தயாரான செஸ்னா ஒன்றில் புதிய கருவியை நிலையாகப் பொருத்த அங்கீகாரத் தாள்களும் சான்று பெற்ற மெக்கானிக்கின் கையெழுத்தும் தேவைப்படும். தானே கட்டியவருக்கு அந்தத் தளை மிகக் குறைவு. எந்தக் கருவி, எந்த இடம், ஒயர் எந்த வழியாக என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். அப்படி அவர் தீர்மானிக்க வேண்டியவற்றில் முக்கியமானது, வழியில் இருக்கும் வானிலையைக் காக்பிட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது செயற்கைக்கோள் வானொலி. காரில் போகிறவர்களுக்குப் பாட்டும் செய்தியும் கொடுப்பதற்காக எக்ஸ்எம் 2001-லும் சிரியஸ் 2002-லும் சேவையைத் தொடங்கின. 2008-ல் இரண்டும் ஒன்றாயின. வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டியில் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இந்த நுட்பம் புதிதல்ல. இந்தியாவில் 2009 முடிவில் அந்தச் சேவை நின்றுபோனது. எக்ஸ்எம்மின் தொடக்க கால முதலீட்டாளர்களில் அந்த நிறுவனமும் ஒன்று. எக்ஸ்எம் தன் அலைவரிசையின் ஒரு பகுதியில் ரேடார் படம், மின்னல், விமான நிலைய வானிலை அறிக்கை ஆகியவற்றையும் அனுப்பத் தொடங்கியது. இவற்றைக் காட்டும் கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜி.பி.எஸ். கருவி 396, 2005-ல் வந்தபோது, லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள விமானங்களில் மட்டுமே காணக்கிடைத்த மழைப்படம் இரண்டு இருக்கைச் சிறு விமானத்தின் விமானிக்கும் கைகூடியது. சிறு விமான உலகில் இதைவிடப் பெரிய மாற்றங்கள் அபூர்வம்.

இரண்டாவது, அரசு நடத்துவது. வான்போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ., விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே அறிவிக்கும் ஏ.டி.எஸ்-பி திட்டத்துக்காக நாடெங்கும் நூற்றுக்கணக்கான தரை நிலையங்களை நிறுவியது. அவை 978 மெகாஹெர்ட்ஸில் வானிலைத் தகவலை ஒலிபரப்புகின்றன. எஃப்.ஐ.எஸ்-பி எனப்படும் இந்தச் சேவைக்குச் சந்தா கிடையாது. 2020 ஜனவரி 1 முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிய வான்பரப்பில் பறக்கத் தன் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி கட்டாயமானது. அதைப் பொருத்தும்போதே, வானிலைத் தகவலைப் பெறும் வாங்கியையும் (ரிசீவர்) சேர்த்துப் பொருத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு விலைப்பட்டியலில் தெரியாது. விமானத்தின் உடம்பில் ஆன்டெனாவை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும். செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. 2.3 கிகாஹெர்ட்ஸில் அங்கிருந்து வரும் அலை மிக மெலிந்தது. குறுக்கே மெல்லிய அலுமினியத் தகடு வந்தாலே நின்றுபோகும். ஆகவே ஆன்டெனா முதுகில் இருக்க வேண்டும், அல்லது கண்ணாடி மூடிக்கு அடியில், கருவிப் பலகைக்கு மேலுள்ள திட்டில் இருக்க வேண்டும். மொன்டானா போன்ற வடக்கு மாநிலங்களில் செயற்கைக்கோள் தென்வானில் 35 பாகை அளவு உயரத்தில்தான் தெரியும். வடக்கு நோக்கிப் பறக்கும்போது அது விமானிக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆர்.வி-7 போலக் குமிழ்க் கண்ணாடி உள்ளதில் அது பெரிய குறையில்லை. இறக்கை தலைக்கு மேல் இருக்கும் வகை விமானத்தில், திட்டின் மீது வைத்த ஆன்டெனாவை அந்த இறக்கையே மறைத்துவிடும்.

தரை நிலையத்தின் அலை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அதற்கான ஆன்டெனா ஏழரை சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குச்சி. வயிற்றுப்புறத்தில் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதே வயிற்றில்தான், ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரின் ஆன்டெனாவும் இருக்கும். அது நூற்றுக்கணக்கான வாட் துடிப்புகளை அடிப்பதால், இரண்டுக்கும் இடையே முடிந்த அளவு இடைவெளி விடுவது நல்லது. ஆர்.வி. போன்ற உலோக உடலில் தகடே ஆன்டெனாவுக்கு அடித்தளமாகிவிடுகிறது. பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி போன்ற கண்ணாடி இழை விமானங்களில் அலை உடலை ஊடுருவும் என்பதால் ஆன்டெனாவை உள்ளேயே மறைக்கலாம். ஆனால் குச்சி ஆன்டெனாவுக்கு அடியில் தனியாக உலோகத் தகடு ஒட்ட வேண்டும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழை என்று நினைத்துக் கார்பன் தோலுக்குள் ஆன்டெனாவை வைத்தால் இரண்டு சேவையுமே கேட்காது.

கேபிளிலும் இதே முரண். 2.3 கிகாஹெர்ட்ஸில் மெல்லிய கோஆக்சியல் கேபிள் அலையை வேகமாகத் தின்றுவிடும். அதனால் செயற்கைக்கோள் ஆன்டெனாவின் அடியிலேயே சிறு பெருக்கியை வைத்திருப்பார்கள். அதற்கான மின்சாரம் வாங்கியிலிருந்து அதே கேபிள் வழியாக மேலே போகும். நீளம் போதவில்லை என்று நடுவில் வெட்டி ஒட்டுவது இங்கே ஆபத்தான சிக்கனம். தரைச் சேவையின் கேபிளுக்கு அவ்வளவு நோவு இல்லை. இரட்டைக் கவசமுள்ள ஆர்.ஜி-400 கேபிளின் முனைகளில் இணைப்பியை ஒழுங்காகப் பொருத்தினால் போதும்.

பாட்டும் வேண்டும் என்பவருக்குக் கூடுதல் வேலை உண்டு. செயற்கைக்கோள் பெட்டியின் ஒலியை இன்டர்காமின் இசை உள்ளீட்டில் சேர்க்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் பேசும் கணத்தில் பாட்டு தானாகவே அடங்க வேண்டும். அந்த வசதி இல்லாத இணைப்பை நான் ஏற்க மாட்டேன். ஒலிக் கம்பியின் கவசத்தை இரு முனையிலும் தரையிட்டால், என்ஜின் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டர் ஊளை ஹெட்செட்டில் புகுந்துவிடும். ஒரு முனையில் மட்டும் தரையிடுவதே பழகியவர்களின் வழக்கம். ஐந்து மணி நேரம் சமவெளிக்கு மேல் தனியே பறக்கிறவருக்குப் பாட்டு அற்பமான விஷயமல்ல. தரைச் சேவை இதைத் தராது. அது தருவது வேறு: பக்கத்தில் பறக்கும் மற்ற விமானங்களைத் திரையில் காட்டும். செயற்கைக்கோள் வானொலிக்கு அந்தத் திறன் இல்லை.

கையால் கட்டுகிறவர் மனதுக்கு நெருக்கமான இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தரை நிலையம் அனுப்புவது பூட்டில்லாத தகவல். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, இரண்டு யூ.எஸ்.பி. ரேடியோக் குச்சிகள், ஸ்ட்ராடக்ஸ் என்னும் திறந்த மென்பொருள் ஆகியவற்றைக் கொண்டு, ஆயத்தக் கருவியின் விலையில் ஒரு பகுதிக்கே பலர் தாங்களே வாங்கியைச் செய்துவிட்டார்கள். செயற்கைக்கோள் தகவல் சந்தாதாரருக்கு மட்டும் திறக்கும் பூட்டுக்குள் வருகிறது. அதன் பெட்டியை வாங்க முடியும், செய்ய முடியாது. இறக்கையையே ரிவெட் ரிவெட்டாகக் கட்டியவருக்கு இது ஒரு குறைதான்.

ஆனால் பறக்கும் இடத்தைப் பார்த்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 978 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும். சமதரைக்கு மேல் 1,000 அடியில் சுமார் 70 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நிலையம் வரை எட்டும். 10,000 அடியில் 220-ஐத் தாண்டும். ஓடுபாதையில் நிற்கும்போது பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. ஐடஹோ மலைப் பள்ளத்தாக்கில் புல்தரையில் நிற்பவருக்கு, கிளம்பலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அந்த நேரத்தில்தான் படம் தேவை. தென்பக்க மலை மறைக்காதவரை செயற்கைக்கோள் அதை அங்கேயே காட்டும். தரைச் சேவை தன் சுற்றுவட்டத்தை நுணுக்கமாகக் காட்டினாலும், நாடு முழுவதற்குமான படத்தைக் கரடுமுரடான கட்டங்களாக, 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. உயிர் போவது அதில்தான். திரையில் தெரியும் மழைப்படம் பல ரேடார்களின் பதிவுகளைத் தைத்து உண்டாக்கியது. படத்தின் ஓரத்தில் "2 நிமிடம்" என்று வரும் வயது, தைத்து முடித்த பிறகு கழிந்த நேரம். ரேடார் அந்த மேகத்தைப் பார்த்த நேரம் அதற்கும் முந்தையது. மோசமான நிலையில் உண்மை வயது திரை காட்டுவதைவிட 15 முதல் 20 நிமிடம் கூடுதலாக இருக்கலாம் என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல், உயிரிழப்பில் முடிந்த விபத்துகளைச் சுட்டி எச்சரித்தது. 30 நாட் வேகத்தில் நகரும் இடிமேகம் 20 நிமிடத்தில் 18 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். திரையில் இரண்டு சிவப்புத் திட்டுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளி, விமானம் போய்ச் சேரும்போது மூடியிருக்கும். மாதச் சந்தா கட்டுகிறவருக்கும் இலவசமாகப் பெறுகிறவருக்கும் இதில் எந்த வித்தியாசமும் இல்லை. கடுமையான இடிமழையிலிருந்து 20 மைலாவது விலகியிரு என்று எஃப்.ஏ.ஏ. சொல்வது இரண்டு திரைக்கும் பொருந்தும்.

என் கணிப்பில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே பகல் நேரத்தில், நிலையங்கள் நெருங்கிய பகுதியில் பறப்பவருக்குத் தரைச் சேவை தாராளமாகப் போதும். ராக்கி மலைகளைத் தாண்டுகிறவரும் மலையடிவாரப் புல்தரைகளில் இறங்குகிறவரும் சந்தா கட்டத் தயங்கக் கூடாது. வருங்காலத்தில் எங்கே பறக்கப் போகிறோம் என்பதைக் கட்டும் காலத்தில் யாரும் முழுவதாக அறிவதில்லை. ஆகவே ஒன்றையே வாங்கினாலும், பின்புறத் தகட்டை ரிவெட் அடித்து மூடுவதற்கு முன்பே முதுகிலும் வயிற்றிலும் ஆன்டெனாவுக்கான வலுவூட்டுத் தகடுகளை வைத்து, கருவிப் பலகை வரை வெறும் பிளாஸ்டிக் குழாய் இரண்டை இழுத்துவிட வேண்டும். மூடிய உடலுக்குள் பிறகு கேபிள் இழுக்க, இருக்கையைக் கழற்றி, தரையைக் கழற்றி, வாலுக்குள் தலைகீழாகப் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.