தோலுக்குப் போட்டால் மரியாதை, கறிக்குப் போட்டால் கேலியா?

தமிழன் சமையலின் பெருமை விருந்திலா, சேமிப்பிலா? சேமிப்பில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் ஆம்பூர் பிரியாணியைச் சொல்லி உங்கள் நாக்கில் நீர் ஊற வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் கொண்டுவந்திருப்பது காய்ந்த சரக்கு. உப்புக்கண்டம்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. ஏன்னா, நம்ம ஊர்ல அது திட்டுற வார்த்தை. "மவனே, உப்புக்கண்டம் போட்டுடுவேன்!" கோபம் கொஞ்சம் குறைவென்றால், "தோலை உரிச்சிடுவேன்!" நடுவர் அவர்களே, இந்தத் தோலும் அந்தக் கண்டமும்தான் என் வழக்கு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. வழியிலே எயினர் குடிசை. அந்த வீட்டுப் பெண்கள் கரம்பைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நில உரலில் குத்துகிறார்கள். ஆழக் கிணற்றில் உவர்நீர் மொண்டு, வாய் உடைந்த பானையில், உடைந்த அடுப்பில் சமைக்கிறார்கள். கூட என்ன? வாடூன். வாடிய ஊன்! அதைத் தெய்வத்துக்குப் படைப்பதுபோலத் தேக்கிலையில் குவித்து வந்தவனுக்குக் கொடுக்கிறார்கள். பானை உடைஞ்சிருக்கு, அடுப்பு உடைஞ்சிருக்கு, விருந்தாளிக்குக் கறி மட்டும் இருக்கு! (கைதட்டல்)

எப்படி இருந்தது? எலும்பு நீக்கிய கறியை நறுக்கி, இன்று நாம் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசிறி, பூத்தொடுக்கிற மாதிரி நூலில் கோத்து நாலைந்து நாள் வெயிலில் கட்டுகிறோமே, அந்தக் கணக்குதான். உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும், வெயில் அதைக் குடிக்கும். ஈரமில்லாத இடத்தில் கிருமிக்குப் பிழைப்பில்லை. ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மக்கள் இதையே 'சார்க்கி' என்றார்கள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' ஆகி, இன்று அமெரிக்கக் கடைகளில் பளபள பொட்டலத்தில் தொங்குகிறது. நம்ம பிள்ளை அங்கே வாங்கித் தின்பான். பாட்டி வறுத்தால், "கவுச்சி அடிக்குது" என்பான்.

இந்த நாட்றம்பள்ளியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் எவ்வளவு தூரம்? அங்கே ஆட்டுத்தோலுக்கும் முதலில் விழுவது உப்புதான், இல்லாவிட்டால் அழுகிவிடும். அது ஷூவாகிக் கப்பலேறுகிறது. கழுவிவிட்ட உப்பும் கழிவும் பாலாற்றில் சேர்ந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996இல் தீர்ப்பே வந்தது. அந்தத் தோலுக்கு 'அந்நியச் செலாவணி' என்று மரியாதை. ஒரு பிடி உப்போடு நின்றுவிட்ட கறிக்கு? கொல்லைப்புறம்!

என் தாயாரும் கொல்லையில்தான் கட்டுவார். காக்காய்க்குக் காவல் நான். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், கொடியோடு சுருட்டி உள்ளே ஓடுவார். வந்தவர் வாசலில் கழற்றியதும் ஒருகாலத்தில் உப்பில் கிடந்ததுதான். அவருக்கு அதில் கூச்சமில்லை, எங்கம்மாவுக்குத்தான் கூச்சம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். தாய்மார்களே, அடுத்த தடவை கொடியை வாசல் பக்கமே கட்டுங்க. காக்காய்க்குக் காவல் ஆள் வேணும்னா சொல்லியனுப்புங்க, எனக்குப் பழக்கமுண்டு. (கைதட்டல்)