காசு கொடுத்து வாங்கிய பாடல் வீடியோ டிஜே மென்பொருளில் ஏன் ஓடுவதில்லை?

செந்தூலில் சனிக்கிழமை இரவு ஒரு கல்யாண விருந்து. டிஜே மேசையில் நீங்கள். மணமகளுக்குப் பிடித்த பாட்டின் வீடியோவை ஐடியூன்ஸ் ஸ்டோரில் காசு கொடுத்தே வாங்கி வைத்திருக்கிறீர்கள். வீட்டில் அதே லேப்டாப்பில் அழகாக ஓடியது. மண்டபத்தில் செராட்டோவுக்குள் இழுத்துப் போட்டால் அசையவே இல்லை. பெரிய திரை கறுப்பாகவே நிற்கிறது.

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன், அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். பதில் தெரிந்தால் அடுத்த நிகழ்ச்சியில் மானம் போகாது. தெரியாமல் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவும் மாட்டீர்கள்.

பூட்டு எங்கே இருக்கிறது?

நீங்கள் வாங்கிய வீடியோ சாதாரணக் கோப்பு இல்லை. அதன் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டது. இந்த வகைப் பூட்டுக்குப் பொதுப் பெயர் டி.ஆர்.எம். ஆப்பிள் பயன்படுத்தும் பூட்டின் பெயர் ஃபேர்பிளே. அதைத் திறக்கும் சாவி உங்கள் ஆப்பிள் கணக்கோடும், நீங்கள் அனுமதித்த கணினிகளோடும் (அதிகபட்சம் 5) கட்டப்பட்டிருக்கிறது. ஆப்பிளின் சொந்தச் செயலிகள் மட்டுமே அந்தச் சாவியைப் பயன்படுத்த முடியும்.

டிஜே மென்பொருளின் வேலையே வேறு. பாட்டின் வேகத்தைக் கூட்ட, குறைக்க, ஸ்க்ராட்ச் செய்ய, இரண்டு வீடியோக்களைக் கலக்க, ஒவ்வொரு படத்துண்டும் அதன் கைக்கு வெறுமையாக வந்து சேர வேண்டும். பூட்டு தடுப்பது சரியாக அதைத்தான். அதனால்தான் செராட்டோ, விர்ச்சுவல்டிஜே, ரெக்கார்ட்பாக்ஸ் எதுவாக இருந்தாலும் இந்தக் கோப்பு திறக்காது. மென்பொருளை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

பாட்டு ஓடுகிறது, வீடியோ மட்டும் ஏன் ஓடவில்லை?

இதில்தான் பலர் குழம்புகிறார்கள். ஐடியூன்ஸ் ஸ்டோர் 2003-இல் தொடங்கியபோது பாடல்களுக்கும் பூட்டு இருந்தது. 2005 அக்டோபரில் வீடியோ விற்பனை வந்தது, பூட்டோடுதான். 2007-இல் இ.எம்.ஐ. நிறுவனம் தன் பாடல்களைப் பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்தது. 2009-இல் மற்ற பெரிய நிறுவனங்களும் இறங்கி வந்தன. ஆனால், அந்த விடுதலை பாடல்களுக்கு மட்டும்தான். வீடியோக்களின் பூட்டு அப்படியே நின்றுவிட்டது.

மலேசியாவில் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்ததே 2012 ஜூன் மாதம்தான். அப்போ, இங்கே நாம் வாங்கிய பாடல்களில் முதல் நாளிலிருந்தே பூட்டு கிடையாது. அதே கடையில், அதே கணக்கில் வாங்கிய வீடியோவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது அப்படி இல்லை.

உங்கள் கோப்பில் இருப்பது பூட்டுதானா?

எல்லாக் கோளாறுக்கும் டி.ஆர்.எம். காரணம் இல்லை. இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

முதலில், மேக்கில் மியூசிக் செயலியிலோ, விண்டோஸில் ஐடியூன்ஸிலோ அந்த வீடியோவின் தகவல் பக்கத்தைத் திறந்து, கோப்பு வகையைப் பாருங்கள். 'புரொடெக்டட்' என்ற சொல் இருந்தால் பூட்டு உண்டு.

அடுத்து, வி.எல்.சி. பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதில் ஓடி, டிஜே மென்பொருளில் மட்டும் ஓடாவிட்டால், பிரச்சினை கோடெக்கில் இருக்க அதிக வாய்ப்பு. உங்களுக்கு உரிமையுள்ள கோப்பு என்றால் எச்.264 எம்.பி.4-ஆக மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆப்பிள் செயலியில் மட்டும் ஓடி, வி.எல்.சி.-யிலும் திறக்காவிட்டால், அது பூட்டுதான்.

பூட்டை உடைத்தால் என்ன?

'டி.ஆர்.எம். நீக்கி' என்ற பெயரில் இணையத்தில் நிறைய மென்பொருள் கிடைக்கிறது. விளம்பரத்தைப் பார்த்தால் ரொம்பச் சாதாரண விஷயம் போலத்தான் தெரியும்.

மலேசியச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 36ஏ பிரிவு, உரிமையாளர் போட்ட தொழில்நுட்பப் பாதுகாப்பை மீறுவதையே தடை செய்கிறது. கோப்பை யாருக்கும் விற்காவிட்டாலும் தடை தடைதான். பாதுகாப்புச் சோதனை, சட்ட அமலாக்கம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "நான் வாங்கியது, நான்தான் பயன்படுத்துகிறேன்" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மீறினால் அபராதம் உண்டு, சிறைக்கும் வழி உண்டு.

அப்படியானால் நான் வாங்கியது என்ன?

வாங்கியது வீடியோவை அல்ல, பார்க்கும் அனுமதியை. அதுவும் சொந்த உபயோகத்துக்கு, வணிக நோக்கமில்லாமல் பார்க்கும் அனுமதி. கட்டணம் வாங்கிக்கொண்டு மண்டபத்தில் போடுவது அதில் அடங்காது.

அனுமதி என்பது கொடுத்தவர் கையில்தான் இருக்கும். பூட்டோடு பாடல் விற்ற யாகூ மியூசிக் கடை 2008 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. சாவி கொடுக்க ஆள் இல்லாமல் போவதால், வாங்கியவர்களுக்கு இழப்பீடு தர வேண்டி வந்தது. ஸ்பாட்டிஃபையும் 2020 ஜூலை 1 முதல் டிஜே செயலிகளுக்கான இணைப்பை நிறுத்தியது. பல ஆண்டு சேர்த்த பட்டியல்களை டிஜே மேசையில் போட முடியாமல் பலர் திண்டாடினர். 2025-இல் அந்த வசதி சில செயலிகளுக்குத் திரும்பி வந்தது என்பது வேறு கதை.

சரி, டிஜே என்ன செய்யலாம்?

• ஒலிக்கு: ஐடியூன்ஸ் ஸ்டோர், பேண்ட்கேம்ப் போன்றவற்றில் விற்கும் பாடல் கோப்புகளில் பூட்டு இல்லை. டிஜே மென்பொருளில் நேராக ஓடும்.

• வீடியோவுக்கு: டிஜேக்களுக்கென்றே பூட்டில்லாத வீடியோக்களை வழங்கும் சந்தா சேவைகள் உள்ளன. அவற்றில் ஆங்கிலப் பாடல்களே அதிகம். பணம் கட்டுவதற்கு முன் தமிழ்ப் பாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

• உள்ளூர்ப் பாடல்களுக்கு: கலைஞரிடமே கேளுங்கள். மலேசியத் தமிழ்க் கலைஞர்கள் பலர் சுயாதீனமாக இயங்குபவர்கள். தங்கள் பாட்டு கல்யாண மேடையில் ஒலிப்பது அவர்களுக்கும் நல்லதுதான். எம்.பி.4 கோப்போடு, எங்கே போடலாம் என்ற அனுமதியையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.

• எதுவும் கிடைக்காவிட்டால்: பாட்டை ஒலியாகப் போட்டு, திரையில் மணமக்களின் படங்களை ஓட விடுங்கள். வீடியோ வசதியுள்ள டிஜே மென்பொருள் பலவற்றில் படமும் எழுத்தும் போடலாம். விருந்தினர் பாட்டின் வீடியோவை விட அதைத்தான் ரசிப்பார்கள்!

ஒன்றை மறக்க வேண்டாம்

பூட்டில்லாத கோப்பு கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தமில்லை. பொது இடத்தில் பாட்டு போடும் உரிமை தனி. பாடலாசிரியர், இசையமைப்பாளர் பக்கம் எம்.ஏ.சி.பி. அமைப்பும், ஒலிப்பதிவு, பாடல் வீடியோ பக்கம் பி.பி.எம். அமைப்பும் அந்த உரிமத்தை வழங்குகின்றன. பொதுவாக மண்டபமோ நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ அதை எடுத்திருக்க வேண்டும். "எடுத்திருப்பார்கள்" என்று நினைத்துக்கொள்ளாமல், முன்பணம் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே, மேடைக்குக் கொண்டுபோகும் அதே லேப்டாப்பில், அதே மென்பொருளில் எல்லா வீடியோக்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆப்பிள் செயலியில் ஓடுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.