பல்கலைக்கழக மாணவர் யாரிடம் போவது?

ஒவ்வோர் ஆண்டும் வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் எமது வீடுகளில் அனுமதி பற்றியே பேச்சு. அனுமதி கிடைத்த பிள்ளை அங்கு சென்று இடர்ப்பட்டால் யாரிடம் போவது என்று பெற்றோர் கேட்பது அரிது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக நான் கண்ட வரையில், அந்தக் கேள்வி வீட்டில் எழும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. அதற்கு இந்நாட்டில் கிடைத்த விடைகள் காலத்துக்குக் காலம் மாறியே வந்துள்ளன.

முதல் விடை, விடுதி. சேர் பொன். அருணாசலம் முதலியோர் 1906இல் பல்கலைக்கழகச் சங்கம் அமைத்துத் தொடங்கிய இயக்கத்தின் பயனாக, 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. அதுவே 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் வதிவிடப் பல்கலைக்கழகத்தையே விரும்பினார். 1952இல் பேராதனையில் அது நடைமுறைக்கு வந்தது. அருணாசலம், இராமநாதன், ஜயதிலக என்று பெயர் சூட்டப்பட்ட மண்டபங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுதிக் காப்பாளர் இருந்தார். காப்பாளர் விரிவுரையாளராகவும் இருந்தார். மாணவரின் பெயர், ஊர், உடல்நிலை ஆகியவற்றை அறிந்த ஒருவர் அதே வளவில் வாழ்ந்தார் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

ஆனால் அது சிறுதொகை மாணவருக்கென அமைந்த ஏற்பாடு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தனர். நாடு பெருமைப்பட வேண்டிய மாற்றம் அது. எனினும் கதவு அகலத் திறக்கப்பட்ட வேகத்துக்கு ஏற்ப விடுதிகளும் காப்பாளர்களும் பெருகவில்லை. பலர் வெளியே வாடகை அறைகளில் தங்கினர். அவர்களை அறிந்தவர் வளாகத்தில் எவரும் இருக்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் சிரேஷ்ட மாணவர். அறை தேடித் தந்தவர் அவர், பழைய குறிப்புகளைத் தந்தவர் அவர், எந்த விரிவுரையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் அவரே. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ பேராதனைக்கும் கொழும்புக்கும் மொறட்டுவைக்கும் சென்ற தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தேவை இரட்டிப்பானது. அலுவலகத்தில் பேசப்பட்ட மொழியே புரியாதபோது ஊர்க்காரர் ஒருவரின் தயவின்றி முதல் மாதத்தைக் கடப்பது கடினம். தமிழ்ச் சங்கமும் இந்து மாணவர் சங்கமும் அந்த வகையில் ஆற்றிய பணி பெரிது.

உதவி செய்யும் கையிலேயே அதிகாரமும் சேர்ந்துவிட்டது என்பதுதான் இக்கதையின் துயரம். பகிடிவதை பற்றி ஒழுக்கக்கேடு என்ற கோணத்திலேயே பெரும்பாலோர் எழுதியிருக்கிறோம். அதன் வேர், புதிய மாணவருக்குப் போக்கிடம் வேறில்லை என்பதில் இருக்கிறது. தன்னைத் துன்புறுத்துபவரிடமே மறுநாள் குறிப்புக் கேட்டுச் செல்ல வேண்டிய பிள்ளை எப்படி முறையிடும்? 1997இல் பேராதனையில் பொறியியல் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அதன் பின்னரே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் தொல்லையோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டு வரை.

இதற்கிடையில் பணம் என்ற விடையும் வந்தது. லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல நிதியம் அமைந்தது. வறிய குடும்பத்துப் பிள்ளைகள் பலரின் சோறும் பேருந்துக் கட்டணமும் அந்த மாதப் பணமே. அத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்க 2025 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது.

1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது பல்கலைக்கழகம் எமது வீட்டு வாசலுக்கே வந்தது. வந்தாறுமூலையும் ஒலுவிலும் பின்னர் வந்தன. போருக்குப் பின் இவ்வளாகங்களுக்குத் தெற்கிலிருந்து சிங்கள மாணவர் வருகின்றனர். எம் பிள்ளைகள் பேராதனையில் உணர்ந்த அந்நியத்தை அவர்கள் இங்கே உணர்கின்றனர். அவர்களுக்கும் போக்கிடம் வேண்டும் என்று சொல்லும் கடமை எமக்கு உண்டு.

இன்று பீடங்களில் மாணவ ஆலோசகர்கள் இருக்கின்றனர். விடுதிக் காப்பாளர், மருத்துவ நிலையம், உதவுதொகையைக் கவனிக்கும் நலன்புரிப் பிரிவு, தொழில் வழிகாட்டல் அலகு என்பனவும் உண்டு. பகிடிவதை பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகவே முறையிடலாம். மனம் சோர்ந்தவர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம். வாயில்கள் இருக்கின்றன. ஆனால் ஆலோசகராக அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் விடைத்தாள் திருத்தும் விரிவுரையாளர். அவரிடம் மனந்திறக்க மாணவர் தயங்குவதில் வியப்பில்லை. முழுநேர உளவள ஆலோசகர்களை, மாணவரின் மொழியிலேயே பேசக்கூடியவர்களை, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் போதிய தொகையில் நியமிப்பதே இனி நாம் கேட்க வேண்டியது.

புலம்பெயர்ந்த உறவுகள் பழைய மாணவர் சங்கங்கள் ஊடாக மாணவருக்குப் பணம் அனுப்புகின்றனர். நன்று. அத்துடன் இன்னொன்றையும் செய்யலாம். நீங்கள் உதவும் பிள்ளைக்கு, அந்த வளாகத்தில் அச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு பெரியவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தேடிக் கொடுங்கள். ஜெனிங்ஸ் காலத்து மாணவருக்கு ஒரு விடுதிக் காப்பாளர் வழியாகக் கிடைத்தது அதுவே. பின்வந்த ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைக்காமற் போனதும் அதுவே.