அஸவாத்: உரிமைப் போராட்டம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போன வரலாறு

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் பரந்து கிடக்கும் வடபகுதிக்கு அஸவாத் என்று பெயர். திம்புக்து, காவ், கிதால் ஆகியவை இதன் முக்கிய நகரங்கள். மாலியின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் இங்கேதான் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவினரே இங்கு வாழ்கின்றனர். துவாரெக், சொங்காய், அரபு, ஃபுலானி ஆகிய இனத்தவர்கள் பல நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்துவரும் மண் இது. ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள்; மாலிகி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள்; காதிரிய்யா, திஜானிய்யா தரீக்காக்களின் செல்வாக்கு ஆழமாக வேரூன்றிய சமூகம்.

இந்தப் பகுதி தனி நாடா, மாலியின் ஒரு பகுதியா என்ற தகராறு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடிக்கிறது. அந்தத் தகராறுக்குள் ‘ஜிஹாத்’ என்ற பெயரில் ஆயுதக் குழுக்கள் எப்படி நுழைந்தன, நுழைந்த பிறகு அங்குள்ள முஸ்லிம்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம். இத்தகைய செய்திகள் வரும்போது, ‘இஸ்லாம்தான் காரணம்’ என்று ஒரு தரப்பும், ‘எல்லாம் மேற்கத்திய நாடுகளின் சதி’ என்று நம்மில் ஒரு தரப்பும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். அஸவாத்தின் வரலாறு இந்த இரண்டு பதில்களுக்குள்ளும் அடங்குவதில்லை.

தீராத மனக்குறை

1960 செப்டம்பர் 22 அன்று பிரான்சிடமிருந்து மாலி விடுதலை பெற்றது. காலனி அதிகாரிகள் வகுத்த எல்லைக்கோடுகள் துவாரெக் மக்களை மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா, புர்கினா ஃபாசோ எனப் பல நாடுகளில் சிதறடித்துவிட்டன. ஒட்டகக் கூட்டங்களுடன் எல்லையின்றித் திரிந்த மக்கள், தொலைவில் தெற்கே இருக்கும் பமாகோ தலைநகரின் ஆட்சிக்குள் வந்தனர். 1963ல் முதல் கிளர்ச்சி வெடித்தது. அரசு அதை மிகக் கடுமையாக அடக்கியது.

1970களிலும் 80களிலும் வந்த கொடிய பஞ்சங்களில் கால்நடைகள் செத்து மடிந்தன. வாழ வழியின்றி ஆயிரக்கணக்கான இளைஞர்கள் லிபியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் சென்றனர். பலர் கடாஃபியின் படைகளில் சேர்ந்து போர்ப்பயிற்சி பெற்றனர். அவர்களில் ஒருவரான இயாத் அக் காலியின் தலைமையில் 1990ல் இரண்டாவது கிளர்ச்சி தொடங்கியது. 1991ல் தமன்ராசெத் ஒப்பந்தம், 1992ல் தேசிய உடன்படிக்கை எனப் பேச்சுவார்த்தைகள் நடந்தன. 1996 மார்ச்சில் சுமார் மூவாயிரம் துப்பாக்கிகளைத் திம்புக்துவில் குவித்துத் தீ வைத்து, ‘அமைதிச் சுடர்’ என்று கொண்டாடினர்.

ஆனால் வாக்களித்த வளர்ச்சித் திட்டங்களும் அதிகாரப் பகிர்வும் ஏட்டளவிலேயே நின்றன. 2006ல் மீண்டும் கிளர்ச்சி. மீண்டும் ஓர் ஒப்பந்தம். இந்தப் போராட்டங்கள் எவற்றிலும் ‘இஸ்லாமிய ஆட்சி’ ஒரு கோரிக்கையாக இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிலம், மொழி, வேலை, மரியாதை ஆகியவையே அவர்களின் கோரிக்கைகள்.

வடக்கிலிருந்து வந்தவர்கள்

ஆயுதக் குழுக்களின் வேர் அண்டை நாடான அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கு 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி பெரும் வெற்றி பெற்றது. 1992 ஜனவரியில் ராணுவம் தலையிட்டுத் தேர்தலை ரத்து செய்தது. தொடர்ந்த உள்நாட்டுப் போரில் மிகக் கொடூரமான ஆயுதக் குழுக்கள் உருவாயின. பொதுமக்களைக் கொன்று குவித்ததால் அவை மக்களின் ஆதரவை இழந்தன. 1998ல் அவற்றிலிருந்து பிரிந்தவர்கள், பிரச்சாரத்துக்கும் போருக்குமான ஸலஃபிக் குழு என்ற பெயரில் தனி அமைப்பு கண்டனர். அல்ஜீரிய ராணுவம் நெருக்கியபோது இவர்களில் ஒரு பிரிவு தெற்கே பாலைவனத்துக்கு நகர்ந்தது.

2003ல் இந்தக் குழு சஹாராவில் 32 ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளைக் கடத்தியது. அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கு மாலிக்குக் கொண்டுவரப்பட்டு, பேச்சுவார்த்தைக்குப் பின் விடுவிக்கப்பட்டனர். அந்தப் பேச்சுவார்த்தையில் இடைநின்றவர்களில் இயாத் அக் காலியும் ஒருவர். ஆட்கடத்தல் பெரும் வருமானம் தரும் தொழில் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. 2008 முதல் ஆறு ஆண்டுகளில் அல்காயிதாவும் அதன் கிளைகளும் பெற்ற பிணைத்தொகை குறைந்தது 12.5 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2014ல் வெளியிட்ட விசாரணைச் செய்தி கூறியது. 2007 ஜனவரியில் இந்தக் குழு தன் பெயரை ‘இஸ்லாமிய மக்ரிபின் அல்காயிதா’ என்று மாற்றிக்கொண்டது.

இவர்கள் உள்ளூர் மக்களிடையே வேர்பிடித்த விதம் கவனிக்கத்தக்கது. முதலில் வந்தது பிரச்சாரம் அல்ல, பணம். ஆடுமாடுகளையும் பெட்ரோலையும் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கினர். முக்தார் பில்முக்தார் போன்ற தளபதிகள் உள்ளூர்க் குடும்பங்களில் பெண் எடுத்தனர். மருத்துவர் இல்லாத ஊர்களில் மருந்து தந்தனர். சிகரெட், போதைப்பொருள் கடத்தல்காரர்களுடன் உறவு வைத்துக்கொண்டனர். அரசு இல்லாத இடத்தில் அரசைப் போல நடந்துகொண்டனர். பமாகோவில் இருந்த ஆட்சியாளர்களோ இதைக் கண்டும் காணாமல் இருந்தனர்.

2012: நான்கே மாதங்களில்

2011 அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார். அவருடைய படைகளில் இருந்த துவாரெக் வீரர்கள் கனரக ஆயுதங்களுடன் ஊர் திரும்பினர். அதே மாதம் அஸவாத் தேசிய விடுதலை இயக்கம் உருவானது. மதச்சார்பற்ற தனிநாடு அதன் குறிக்கோள். அதன் தலைமைப் பதவியை இயாத் அக் காலி விரும்பினார், கிடைக்கவில்லை. அவர் வெளியேறி ‘அன்சாருத்தீன்’ என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். அல்காயிதாவிடமிருந்து பிரிந்ததாக அறிவித்துக்கொண்ட ‘முஜாவோ’ என்ற மூன்றாவது குழுவும் களத்துக்கு வந்தது.

2012 ஜனவரி 17 அன்று மெனாகா நகரின் மீது விடுதலை இயக்கம் தாக்குதல் தொடுத்தது. தோல்விகளால் கொதித்த ராணுவத்தினர் மார்ச் 22 அன்று பமாகோவில் அதிபர் அமாது துமானி துரேயின் ஆட்சியைக் கவிழ்த்தனர். அந்தக் குழப்பத்தில் மார்ச் 30ல் கிதால், 31ல் காவ், ஏப்ரல் 1ல் திம்புக்து என மூன்று நாட்களில் மூன்று நகரங்களும் வீழ்ந்தன. ஏப்ரல் 6 அன்று அஸவாத் தனிநாடு என்று விடுதலை இயக்கம் அறிவித்தது. உலகில் ஒரு நாடும் அதை ஏற்கவில்லை.

மே மாத இறுதியில் விடுதலை இயக்கமும் அன்சாருத்தீனும் இணைவதாக அறிவித்தன. சில நாட்களிலேயே அது முறிந்தது. ஜூன் இறுதியில் காவ் நகரில் நடந்த மோதலில் முஜாவோ, விடுதலை இயக்கத்தைத் துரத்தியடித்தது. போராட்டத்தைத் தொடங்கியவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். இடையில் சேர்ந்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். பணமும் ஒழுங்கான படையும் அவர்களிடம் இருந்தன. விடுதலை இயக்கத்தினர் சிலர் செய்த கொள்ளைகளால் வெறுத்துப்போயிருந்த மக்களில் ஒரு பகுதியினர், ‘இவர்களாவது ஒழுங்கைக் கொண்டுவருவார்கள்’ என்று தொடக்கத்தில் நம்பவும் செய்தனர்.

ஷரீஅத்தின் பெயரால்

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. இசை, தொலைக்காட்சி, புகைபிடித்தல் அனைத்தும் தடை செய்யப்பட்டன. பெண்கள் உடைக்காகச் சாட்டையடி பெற்றனர். அகெல்ஹோக் ஊரில், திருமணமின்றி வாழ்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் ஆணும் பெண்ணும் கல்லெறிந்து கொல்லப்பட்டனர். காவ் நகரில் திருட்டுக் குற்றத்துக்காக ஒருவரின் கையை வெட்ட முயன்றபோது, அந்த ஊர் முஸ்லிம் இளைஞர்களே சதுக்கத்தில் திரண்டு தடுத்தார்கள். ஆனாலும் சில நாட்களில் அருகிலிருந்த அன்சொங்கோவில் ஒரு கை வெட்டப்பட்டது.

மார்க்கச் சட்டம் படித்தவர்கள் இங்கே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். ஹுதூத் தண்டனைகளை நிறைவேற்றும் அதிகாரம் முறையான ஆட்சியாளருக்கும் அவர் நியமித்த காழிக்கும் உரியது. துப்பாக்கி ஏந்திய குழுவுக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் தண்டனை விலகும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. பஞ்ச காலத்தில் கலீஃபா உமர் (ரழி) அவர்கள் கைவெட்டும் தண்டனையை நிறுத்திவைத்ததை மதரஸா மாணவர்கள் அனைவரும் அறிவர். 2012, சஹேல் பகுதி முழுவதையும் உணவுத் தட்டுப்பாடு வாட்டிய ஆண்டு! மாலிகி ஃபிக்ஹை நூற்றாண்டுகளாகக் கற்பித்துவந்த ஊரில், அந்த ஊர் ஆலிம்களைக் கலந்துகொள்ளாமல் நடத்தப்பட்ட ஆட்சி இது.

இடிக்கப்பட்ட கப்ருகள், எரிக்கப்பட்ட ஏடுகள்

மன்சா மூசா காலத்தில் 1327ல் கட்டப்பட்ட ஜிங்கரேபேர் பள்ளிவாசல், சங்கோரே, சீதி யஹ்யா ஆகிய பள்ளிவாசல்கள் திம்புக்துவை ஒரு கல்வி நகராக்கின. 1556ல் பிறந்த அஹ்மத் பாபா (ரஹ்) போன்ற மாலிகி அறிஞர்கள் இங்கு வாழ்ந்தனர். மொரோக்கோ படையெடுப்புக்குப் பின் அவர் மராக்கிஷுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டார். சுதந்திரமான முஸ்லிம்களை அடிமைகளாக்கி விற்பதைக் கண்டித்து அவர் எழுதிய மார்க்கத் தீர்ப்பு இன்றும் ஆய்வாளர்களால் பேசப்படுகிறது.

இந்த நகரில் 2012 ஜூன் 30 முதல் இறைநேசர்களின் அடக்கவிடங்கள் மண்வெட்டிகளாலும் கடப்பாரைகளாலும் இடிக்கப்பட்டன. சீதி யஹ்யா பள்ளிவாசலில் பல தலைமுறைகளாகத் திறக்கப்படாதிருந்த கதவும் உடைக்கப்பட்டது. கப்ருகள் மீது கட்டடம் எழுப்புவது பற்றி ஃபுகஹாக்களிடையே விவாதம் உண்டு. நம் ஊர்களிலும் அந்த விவாதம் ஓய்ந்ததில்லை. ஆனால் அது கிதாபுகளை முன்வைத்துப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

இடிப்பை முன்னின்று நடத்தியவர், ‘ஹிஸ்பா’ பிரிவின் தலைவராக இருந்த அஹ்மத் அல்ஃபகீ அல்மஹ்தி. கப்ருகள் மீது கட்டடம் கூடாது என்பது அவருடைய கருத்து. ஆயினும் மக்களுடனான உறவு கெடும் என்பதால் இடிக்க வேண்டாம் என்றே அவர் முதலில் ஆலோசனை கூறியிருந்தார் என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் தீர்ப்பு பதிவு செய்கிறது. மேலிருந்து உத்தரவு வந்ததும் கீழ்ப்படிந்தார். 2016ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இதுபோன்ற செயல்களில் ஈடுபட வேண்டாம் என்று உலக முஸ்லிம்களுக்கு நீதிமன்றத்திலிருந்தே வேண்டுகோள் விடுத்தார். ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அதில் இரண்டு ஆண்டுகள் குறைக்கப்பட்டன.

ஏடுகளின் கதை சற்று ஆறுதல் தருவது. நூலகர் அப்துல் காதிர் ஹைதரா தலைமையில் திம்புக்துவின் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த கையெழுத்துப் பிரதிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, கழுதை வண்டிகளிலும் கார்களிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலும் ரகசியமாகப் பமாகோவுக்குக் கடத்தினர். லட்சக்கணக்கான பிரதிகள் தப்பின. நகரை விட்டு ஓடும்போது ஆயுதக் குழுவினர் அஹ்மத் பாபா நிறுவனத்தில் எஞ்சியிருந்தவற்றில் சுமார் 4,200 பிரதிகளை அழித்தனர். அவற்றை எழுதியவர்களும் முஸ்லிம்கள், காத்தவர்களும் முஸ்லிம்கள், எரித்தவர்களும் தங்களை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டவர்கள்.

அந்நியப் படைகளும் பரவிய நெருப்பும்

2013 ஜனவரி 10 அன்று ஆயுதக் குழுக்கள் தெற்கு நோக்கி நகர்ந்து கொன்னா நகரைப் பிடித்தன. மறுநாளே பிரான்ஸ் ராணுவம் தலையிட்டது. அந்த மாத இறுதிக்குள் காவ், திம்புக்து நகரங்கள் மீட்கப்பட்டன. அதற்குள் நான்கு லட்சத்தை நெருங்கும் மக்கள் வீடிழந்திருந்தனர். பின்னர் ஐ.நா. அமைதிப்படை வந்தது. 2015ல் அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு திம்புக்துவின் கொத்தனார்கள் இடிக்கப்பட்ட 14 அடக்கவிடங்களையும் பழைய முறைப்படியே கட்டி முடித்தனர்.

ஆனால் நெருப்பு அணையவில்லை. நகரங்களை இழந்த குழுக்கள் கிராமங்களுக்குள் புகுந்தன. மாலியின் மத்தியப் பகுதியில், மேய்ச்சல் நிலத் தகராறுகளாலும் அதிகாரிகளின் ஊழலாலும் மனம் கசந்திருந்த ஃபுலானி இளைஞர்களை அமாது கூஃபா என்ற பிரச்சாரகர் திரட்டினார். 2017 மார்ச்சில் அன்சாருத்தீனும் வேறு சில குழுக்களும் இணைந்து, இயாத் அக் காலி தலைமையில் ‘ஜமாஅத் நுஸ்ரத்துல் இஸ்லாம் வல் முஸ்லிமீன்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. மறுபுறம் ஐ.எஸ். கிளை ஒன்று மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ எல்லைகள் சந்திக்கும் பகுதியில் வளர்ந்தது. இந்த இரு குழுக்களும் ஒன்றையொன்றும் கொன்றன.

பழிவாங்கல் பொதுமக்கள் மீது விழுந்தது. 2019 மார்ச்சில் ஒகொசாகு கிராமத்தில் ஃபுலானி முஸ்லிம்கள் சுமார் 160 பேர் கொல்லப்பட்டனர். 2022 மார்ச்சில் மூரா ஊரில் மாலி ராணுவமும் அதனுடன் வந்த வெளிநாட்டுப் படையினரும் குறைந்தது 500 பேரைக் கொன்றதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. 2023 செப்டம்பரில் நைஜர் ஆற்றில் சென்ற பயணிகள் படகு தாக்கப்பட்டு 49 பொதுமக்கள் இறந்தனர். 2022ல் பிரான்ஸ் படைகள் வெளியேறின. 2023 இறுதியில் ஐ.நா. படையும் வெளியேறியது. ரஷ்யாவின் வாக்னர் கூலிப்படையின் துணையுடன் 2023 நவம்பரில் மாலி ராணுவம் கிதாலைக் கைப்பற்றியது. 2024 ஜனவரியில் ராணுவ அரசு அல்ஜியர்ஸ் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தது.

நாம் அறிய வேண்டியவை

முதலாவது, ஆயுதக் குழுக்கள் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. மக்களின் நியாயமான மனக்குறையை ஆட்சியாளர்கள் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தீர்க்காமல் விட்டபோது, அந்தக் குறையின் மீது ஏறி அவர்கள் பயணம் செய்தார்கள்.

இரண்டாவது, அந்தப் பயணத்தின் முடிவில் மக்களின் குறை தீரவில்லை. துவாரெக் மக்கள் கேட்ட பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் சாலையும் வரவில்லை. அவர்களின் கோரிக்கையே உலகின் பார்வையில் பயங்கரவாதமாக மாறிப்போனது. போராட்டத்துக்கு உதவுவதாக வந்தவர்களே அதற்குப் பெரும் தீங்கிழைத்தார்கள்.

மூன்றாவது, அந்நியப் படையெடுப்பு, கூலிப்படை, காலனி எல்லை ஆகியவற்றின் பங்கைப் பேசுவது நம் கடமை. அதைப் பேசுவதாலேயே கொலைகாரர்களின் குற்றம் குறைந்துவிடாது. மூராவில் ராணுவம் செய்ததைக் கண்டிக்கும் அதே நாவு, திம்புக்துவில் சாட்டை பிடித்தவர்களையும் கண்டிக்க வேண்டும். இரண்டிலும் இறந்தவர்களும் அடிபட்டவர்களும் நம் சகோதர சகோதரிகளே.

நான்காவது, இது ஆலிம்களுக்கு உரியது. ஜிஹாத், ஷரீஅத், கிலாஃபத் ஆகிய சொற்களின் பொருளையும் நிபந்தனைகளையும் மிம்பரில் நாம் விளக்கத் தயங்கினால், இணையத்தில் வேறு யாரோ விளக்கிவிடுவார்கள். காவ் சதுக்கத்தில் கைவெட்டைத் தடுக்கத் திரண்ட இளைஞர்களுக்குத் தங்கள் மார்க்கம் இதுவல்ல என்ற தெளிவு இருந்தது. அந்தத் தெளிவை நம் பிள்ளைகளுக்குத் தருவது நம் பொறுப்பு. அஸவாத்தின் மக்களுக்கு அல்லாஹ் அமைதியையும் நீதியையும் தருவானாக.