பறவையும் கோடும்

பறக்கும் பறவையைக் கறுப்பு வெள்ளை நிழற்படமாக்குங்கால், இறகின் நிறமும் இனத்தின் அடையாளமும் மறைந்து, கோடும் வளைவும் மட்டுமே எஞ்சுவதுண்டு. இத்தகைய படத்தை அருவ நிழற்படம் எனலாம். இந்நோக்கு தோன்றிய வரலாற்றையும், அதனைத் தமிழ் மரபோடு எத்துணை இயைத்துக் காணலாம் என்பதனையும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியென் சூல் மாரே, 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவி அமைத்தார். அது நொடிக்கு 12 படங்கள் எடுத்தது. பின்னர்க் கரிய பின்புலத்தின்முன் வெண்பறவையைப் பறக்கவிட்டு, அதன் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தகட்டில் பதித்தார். நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தமையால், தனிப்பறவை மறைந்து அலைபோன்றதொரு வடிவம் தோன்றியது. சிறகசைவை அளக்க விழைந்த அவருக்கு இஃது இடையூறாயிற்று. ஆதலின் 1888-இல் நகரும் தாட்சுருளைக் கையாண்டார். அறிவியலார் குறையெனக் கருதிய அதனையே ஓவியர் பேறெனக் கொண்டனர். இத்தாலிய ஓவியர் சியாக்கோமோ பல்லா 1913-இல் உழவாரக் குருவிகளின் பறப்பைத் தீட்டிய ஓவியம் இதற்குச் சான்றாகும்.

தமிழகத்தில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். எனினும் அவர் நாடியது அருவமன்று, உயிரின் மெய்யியல்பே.

தணிகைமலையின் 365 படிகளில் நின்று, மாலையில் கூடு திரும்பும் கொக்குநிரையைக் காணுங்கால், அகநானூற்றின் 120-ஆம் பாட்டு எம் நினைவுக்கு வருகின்றது. செவ்வானிற் பறக்கும் கொக்குநிரைக்கு முருகவேள் மார்பின் ஆரத்தை அதில் உவமை கூறுகின்றார் நக்கீரனார். ஈண்டும் தனிக்கொக்கு மறைகின்றது, வரிசையே புலனாகின்றது.

இதுகொண்டு அருவ நிழற்படத்தின் மூலம் சங்கப் பாட்டே எனத் துணிதல் மிகையாகும். புலவரின் வெண்கோடு செவ்வானத்தைப் பற்றி நிற்பது. செம்மை நீங்கின் சேயோன் மார்பும் நீங்கும், உவமையும் வீழும். நிழற்படமோ நிறத்தைத் துறந்தே கோட்டைப் பெறுகின்றது. மேலும், புலவர் கோட்டினின்று பொருளுக்கு மீள்கின்றார். அருவப் படம் கோட்டிலேயே அமைகின்றது.

எனவே இவ்விரண்டிற்கும் உள்ள உறவு காட்சியுறவேயன்றி வழிமுறை உறவன்று. ஒப்புமை கண்டவிடத்து வேற்றுமையையும் உடன் கூறுதலே ஆராய்ச்சியின் அறமாம்.